எண்ணும் முன்னே உடைக்கிறோம்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில் கல் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ராசிபுரம் பிரிவைத் தாண்டி நாமும் அப்படித்தான் மாட்டிக்கொண்டோம். தார்ப்பாய் பாதிக்கு மேல் போர்த்தியிருக்கவில்லை. மேலே கிடந்த கற்களில் ஒன்று ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். ஒரு பக்கம் அன்றைக்கு உடைந்த சாம்பல் வெள்ளை. மறுபக்கம் வெயிலும் மழையும் தின்று தீர்த்த பழைய கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஆரஞ்சு நிறம் அப்பிக் கிடந்தது. நில அளவைக்காரர் அடித்த பெயின்ட் என்றுதான் முதலில் நினைத்தோம். சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது பக்கத்தில் போய்ப் பார்த்தோம். பெயின்டுக்கு விளிம்பு அப்படி இருக்காது. கோலத்தின் ஓரத்தைப் போல நெளிநெளியாக, நடுவில் சின்னச்சின்னக் கிண்ணங்களாக, கல்லோடு கல்லாக ஒட்டியிருந்தது.

வெடி வைத்து அரைநாள் ஆகியிருக்காது. அந்த ஆரஞ்சு அப்போதும் உயிரோடுதான் இருந்திருக்கும். கிரஷர் வாயில் விழுகிறவரைக்கும்.

அதற்குப் பெயர் லைக்கன். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்து, ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடை எழுதி, எல்லோரும் மறந்துபோனதுதான். பூஞ்சையும் பாசியும் ஒரே கூரைக்குக் கீழே நடத்தும் கூட்டுக் குடித்தனம் அது. பூஞ்சை வீட்டைக் கட்டி, ஈரத்தைப் பிடித்து வைக்கும். உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சமைத்துப் போடும். சுவிட்சர்லாந்துத் தாவரவியலாளர் ஷ்வென்டனர் 1860களின் கடைசியில் இதைச் சொன்னபோது அன்றைய பெரியவர்கள் சிரித்தார்கள். 2016இல் இன்னொரு செய்தி வந்தது: பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் குடியிருக்கிறது. இரண்டு பேர் குடித்தனம் என்று நூற்றைம்பது வருடம் நம்பியதில் மூன்றாவதாக ஓர் ஒண்டுக்குடித்தனக்காரர்.

புரியவில்லை என்றால் அடுக்களைக்குப் போகலாம். சேலம் லீ பஜாரில் அன்னாசிப்பூவுக்கும் மராட்டி மொக்குக்கும் பக்கத்துச் சாக்கில் கருகிய காகிதத்தைப் போல ஒன்றை வைத்து விற்கிறார்களே, கல்பாசி, அதுவும் லைக்கன்தான். பிரியாணிக்கும் கறிக்குழம்புக்கும் அந்த மண்வாசம் வருவது அதிலிருந்துதான். கல்பாசி மலைக்காற்றில் மரத்திலும் பாறையிலும் இலையைப்போல் விரிந்து வளர்கிறது. டிப்பரில் நாம் பார்த்தது அதற்குச் சமவெளியில் இருக்கும் பங்காளி. அதை யாரும் சுரண்டி விற்க முடியாது. கல்லிலிருந்து பிரியாது. விலை இல்லாத பொருளுக்குக் காவலும் இல்லை.

இந்தியாவில் இதுவரை 2,700க்கும் அதிகமான லைக்கன் இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. ஆனால் இந்தப் பெருமை பெரும்பாலும் நீலகிரி, பழனி, ஆனைமலை போன்ற மலைகள் தந்தது. கிழக்கே சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் ஆய்வாளர்கள் ஏறிப் பார்த்திருக்கிறார்கள், பட்டியல்கள் வந்திருக்கின்றன. நம் கவலை அந்த மலைகளுக்குக் கீழே இருக்கும் வெயில் காட்டைப் பற்றியது. கஞ்சமலை, ஜருகுமலை, நகரமலை, சங்ககிரி, திருச்செங்கோடு, நைனாமலை என்று பேர் சொல்லும் குன்றுகளும், பேரே இல்லாமல் ‘கரடு’ என்று மட்டும் ஊரார் சொல்கிற நூற்றுக்கணக்கான கல் மேடுகளும் இங்கே சிதறிக் கிடக்கின்றன. சோளக்காட்டுக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடுவே, கடலில் தீவு நிற்பதுபோல் நிற்கின்றன. கல்லில் வாழும் உயிருக்கு இந்தச் சமவெளியில் அந்தத் தீவுகளை விட்டால் வேறு இடமில்லை.

மழை ஓய்ந்த ஒரு கார்த்திகைக் காலையில், ராசிபுரத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு பேரில்லாத கரட்டில் ஏறிப் பார்த்தோம். கீழிருந்து பார்த்தால் மொட்டைப் பாறை. ஏறினால் ஒரு முழம் இடம்கூட ஒரே நிறத்தில் இல்லை. தண்ணீர் வழிந்த தடமெல்லாம் கறுப்புக் கோடு. அது அழுக்கு இல்லை, நீலப்பச்சைப் பாசிகளும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்த லைக்கன்களும் போட்ட கோடு. நாமக்கல் கோட்டைப் பாறையில் தொங்கும் கறுப்புப் பட்டைகளும் அந்த வகைதான். வெயில் நேராக விழும் இடத்தில் தேமல் படர்ந்தாற்போல வெளிர்சாம்பல் வட்டங்கள். கரும்பழுப்பில் செதில் செதிலாக ஒன்று. இவற்றுக்கு நடுவில், குருவியும் மைனாவும் வந்து உட்காரும் முனைகளில், அந்த ஆரஞ்சு. கலோப்ளாக்கா என்ற பேரினத்தின் வகையறா. (அறிவியலார் 2013இல் அந்தப் பெரிய குடும்பத்தைப் பாகம் பிரித்துப் பல பேர் வைத்துவிட்டார்கள். பழைய பேரே நமக்குப் போதும்.)

கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் அது வேறு ஊர். வறண்ட ஏரி மண்ணைப்போலப் பாளம் பாளமாக வெடித்த தரை. ஒவ்வொரு பாளமும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதன்மேல் விளக்குத் தட்டுகளைப்போல வட்டக் கிண்ணங்கள். விளிம்பு மஞ்சள், உள்ளே செம்மை. பூஞ்சை தன் வித்துகளைக் காற்றில் விடுவது அந்தக் கிண்ணங்களிலிருந்துதான். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் ஆரஞ்சு அப்படியே அரக்குச் சிவப்பாகிவிடும். கல்யாண வீட்டில் மஞ்சளில் சுண்ணாம்பு விழுந்து ஆரத்தி சிவக்கிற மாதிரி. சாயம் வேறு, காரம் பட்டதும் நிறம் மாறுகிற வித்தை ஒன்றே. மஞ்சள் மண்டி வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த நிறம் அலங்காரத்துக்கு வந்ததும் இல்லை. பாரியட்டின் முதலான சாயங்களைப் பூஞ்சை தன் மேல்தோலில் படிகமாகப் பூசி வைத்திருக்கிறது. புற ஊதாக் கதிரும் நீல வெளிச்சமும் உள்ளே இருக்கும் பாசியைச் சுட்டுவிடாமல் தடுக்கும் குடை அது. வெயில் ஏற ஏறக் குடை தடிக்கும். சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத பாறையில் அது அப்பளம்போல் காய்ந்து, மூச்சை நிறுத்தி, சும்மா கிடக்கும். ஐப்பசியில் ஒரு தூறல் போதும். சில நிமிடங்களில் பாசி மறுபடி உலை வைக்கும்.

இதே குடும்பத்தில், குளிர் மலைகளிலும் துருவங்களிலும் பாறை மேல் செவ்வாரஞ்சாகப் பூக்கும் இனம் ஒன்று உண்டு: சாந்தோரியா எலிகன்ஸ். நம் இமயமலைப் பாறைகளிலும் இருக்கிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2005இல் அதையும் பச்சை மஞ்சள் நிறத்தில் வரைபடம்போல் படரும் இன்னொரு லைக்கனையும் ஒரு ஃபோட்டான் கலத்தில் வைத்து, ஏறக்குறைய இரண்டு வாரம் விண்வெளியின் வெறுமையிலும் கதிரிலும் திறந்து காட்டியது. கீழே வந்ததும் நனைத்தார்கள், இரண்டும் வேலையைத் தொடங்கிவிட்டன. பிறகு சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் அதே சாந்தோரியாவை ஒன்றரை வருடம் தொங்கவிட்டும் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் உயிர் இருந்தது.

விண்வெளிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்தில் கிடைக்கும் அனார்த்தசைட் கல் நிலவின் மேட்டுநிலக் கல்லுக்கு நெருங்கிய சொந்தம். சுமார் 250 கோடி ஆண்டு வயதான கல். சந்திரயான்-2இன் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் ஓட்டிப் பார்க்க இஸ்ரோ அந்தக் கல்லை அரைத்துத்தான் செயற்கை நிலவு மண் செய்தது. நிலவுக்குப் போவதற்கு ஒத்திகை பார்க்க நம் ஊர்க் கல் வேண்டியிருந்தது. அந்த ஊர்க் கல்லின் மேல் என்னென்ன வளர்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பக்கம் தாள் நம்மிடம் இல்லை. இதை வெட்கம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

விண்வெளியைத் தாங்கியதுதானே, இங்கே என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். வெயிலைத் தாங்கும், பஞ்சத்தைத் தாங்கும். கல்லையே எடுத்துவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு தாங்கும்? குளிர் நாடுகளில் அளந்த கணக்குப்படி சாந்தோரியா வருடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கிறது. அந்த மந்த நடையை வைத்தே பனிப்பாறை எந்த ஆண்டு பின்வாங்கியது, நிலச்சரிவு எப்போது நடந்தது என்று கணக்குப் போடுகிறார்கள். ஆஸ்திரியாவின் பெஷல் 1950களில் தொடங்கிய முறை. அந்த வேகத்தில் பார்த்தால் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் வர இருபது வருடத்துக்கு மேல் ஆகும். சேலத்து வெயிலில் வேகம் வேறாக இருக்கலாம். அளக்க வேண்டியது நாம். எப்படியும், டிப்பரில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது நேற்று முளைத்ததல்ல. அதை உடைக்க ஒரு தோட்டாவும் ஒரு நொடியும் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு கரட்டுக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டில் என்ன பேர்? ‘பாறைப் புறம்போக்கு’, ‘கல்லாங்குத்து’, ‘தீர்வை ஏற்படாத தரிசு’. பயிர் விளையாத நிலம் என்ற பொருளில் வெள்ளைக்காரன் காலத்தில் எழுதியது. வரி வசூலுக்காக எழுதிய அந்த வார்த்தையை நாம் உயிரியல் உண்மையாக எடுத்துக்கொண்டோம். புறம்போக்கு என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் உடைக்கலாம். குத்தகை ஏலம், சீனியரேஜ் தொகை, நடைச்சீட்டு, வெடி உரிமம், கிரஷர் என்று எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது. கரட்டின் தோலில் இருப்பதை எழுத ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் சொன்னது. 2016 ஜனவரியில் வந்த மத்திய அறிவிக்கை, சிறு கனிமங்களுக்கு மாவட்ட ஆய்வறிக்கை கட்டாயம் என்றது. நல்லதுதான். ஆனால் குவாரி விண்ணப்பங்களோடு வரும் அறிக்கைகளை நாம் புரட்டிப் பார்த்தவரை, தாவரங்கள் என்ற தலைப்பில் வேம்பு, வேலிகாத்தான், ஆவாரை, எருக்கு. விலங்குகள் என்ற தலைப்பில் ஓணான், காகம், அணில், தெருநாய். ஓர் ஊர் அறிக்கையில் இருப்பது அடுத்த ஊர் அறிக்கையிலும் அட்சரம் பிசகாமல் இருக்கிறது. பாறையைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் அது எத்தனை கன மீட்டர் தேறும் என்பதுதான். கரட்டின் அடிவாரத்தில் நடந்து செடியை எண்ணிவிட்டு, உடைக்கப்போகும் கல்லின் மேல் ஏறிப் பார்க்காமல் இறங்கி வருவதற்கு ஆய்வு என்று பேர்.

கொஞ்சம் இருந்த வேலியும் தளர்ந்தது. வனவிலங்குச் சரணாலயம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழக அரசு 2021 நவம்பரில் விதி கொண்டுவந்தது. 2022 டிசம்பரில் அதிலிருந்து காப்புக்காடுகளை எடுத்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கத்தில் மலையடிவாரம் என்றால் பெரும்பாலும் காப்புக்காட்டின் அடிவாரம்தான். மலைக் காட்டிலிருந்து வித்து பறந்து வந்து சமவெளிக் கரட்டில் இறங்குகிற வழி அந்த ஒரு கிலோமீட்டர். அதில்தான் இப்போது ஜல்லி உடைபடுகிறது.

கல்லின் பசியும் கூடிக்கொண்டே போகிறது. ஆற்று மணலுக்குக் கட்டுப்பாடு வந்தபிறகு, கட்டடம் கட்டுகிற எல்லோரும் பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் பக்கம் திரும்பினார்கள். ஆற்றைக் காப்பாற்ற வந்த வழி. குறை சொல்ல முடியாது. 2023இல் அரசு எம்-சாண்டுக்கென்றே கொள்கை வெளியிட்டது. ஆற்றின் சுமையை இறக்கிக் கரட்டின் தலையில் வைத்தோம் என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்லவில்லை. ஆற்றில் வெள்ளம் வந்தால் கொஞ்சம் மணலாவது திரும்ப வரும். கரடு திரும்ப வராது. ஜல்லியாகப் போன கரட்டின் இடத்தில் நூறடிப் பள்ளமும், பள்ளத்தில் பச்சைத் தண்ணீரும், அதில் விழுந்து செத்த பிள்ளைகளின் செய்தியும்தான் மிஞ்சுகின்றன.

உடைபடாத கரட்டுக்கும் நிம்மதி இல்லை. லைக்கனுக்கு வேர் இல்லை, நம் இலைகளுக்கு இருப்பதுபோல் மெழுகுத் தோல் இல்லை, மூடித் திறக்கும் துளையும் இல்லை. காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே குடிக்கும். நல்லதும் கெட்டதும் சேர்த்து. ஃபின்லாந்துக்காரரான நைலாண்டர் 1866இல் பாரிஸில் இதைக் கண்டார்: லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் இருக்கும் லைக்கன்களை நகரத்தின் மற்ற இடங்களில் காணவில்லை, புகை தின்றுவிட்டது. அன்றிலிருந்து லைக்கன் என்றால் செலவில்லாத காற்று மானி. இங்கிலாந்தில் 1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் இருவரும் எந்த இனம் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தே கந்தக டை ஆக்சைடின் அளவைச் சொல்லும் ஏணி ஒன்றை வகுத்தார்கள்.

நம் காற்றில் என்ன இருக்கிறது? மேட்டூரில் 840 மெகாவாட்டும் 600 மெகாவாட்டுமாக நிலக்கரி எரிகிறது. நிலக்கரி மின் நிலையங்கள் கந்தகப் புகையை அடக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் வந்த விதி, கெடு மேல் கெடு வாங்கி, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்காக முடிந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டின் மாக்னசைட் பொடி, கிரஷர்களின் கல்பொடி, லாரிகளின் டீசல் கரி எல்லாம் வேறு. பொடி படிந்த லைக்கன் சீக்கிரம் சாவதில்லை. வெளிச்சம் கிடைக்காமல் மெல்ல வெளுக்கிறது.

நாமக்கல்லுக்கென்று தனிச் சங்கதி ஒன்று உண்டு. முட்டை. தினம் கோடிக்கணக்கில் முட்டை இறங்கும் மாவட்டத்தில், பண்ணை எருவிலிருந்து அம்மோனியா காற்றில் ஏறாமல் இருக்காது. நெதர்லாந்தில் மாட்டுப் பண்ணையும் கோழிப் பண்ணையும் நெருங்கிய பகுதிகளில் வான் ஹெர்க் என்பவர் 1990களில் மரம் மரமாகப் பார்த்துப் படம் போட்டார். அம்மோனியா கூடிய இடத்தில் நுட்பமான சாம்பல் லைக்கன்கள் ஒதுங்கின. எச்சத்தையும் நைட்ரஜனையும் விரும்பும் மஞ்சள், ஆரஞ்சு வகைகள் பெருகின. ஆகவே பண்ணைக்குப் பக்கத்துப் பாறை பளிச்சென்று ஆரஞ்சாகிக்கொண்டே போனால் அதைப் பார்த்து மகிழ்வதா, பயப்படுவதா? மற்ற எட்டு பேர் வீட்டைக் காலி செய்த தெருவில் ஒருவர் மட்டும் மாடி மேல் மாடி கட்டுவதைப்போல அது இருக்கலாம். இன்றைய நிலவரத்தைக் குறித்து வைத்திருந்தால்தான் நாளைக்கு வித்தியாசம் தெரியும். நிறத்தை வைத்து நலம் சொல்ல முடியாது என்பதாலேயே எண்ணிக்கை வேண்டும் என்கிறோம்.

பெயின்ட் வேறு. சாலையோரப் பாறையைக் கண்டால் நம்மவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கட்சிச் சின்னம், தலைவர் பிறந்தநாள், ‘இயேசு வருகிறார்’, ‘ஓம் சக்தி’, போர்வெல் ரிக் விளம்பரத்தில் பத்து இலக்க எண். முதலில் சுண்ணாம்பு அடிப்பார்கள். அதோடு பாறையின் தோல் முடிந்தது. மணாலி, ரோதாங் வழிப் பாறைகளில் விளம்பரம் வரைந்த பெரிய குளிர்பான நிறுவனங்களையே 2002இல் உச்ச நீதிமன்றம் கூப்பிட்டு அபராதம் போட்டது. நம்மிடம் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதற்கு எதிரான சட்டம் 1959இலிருந்தே இருக்கிறது. சங்ககிரிப் பக்கம் போய்ப் பாறைகளைப் படித்துப் பார்த்தால் அந்தச் சட்டத்தின் உடல்நிலை தெரியும்.

மறுதரப்பு நியாயத்தையும் பார்க்க வேண்டும். நாம் எழுதும் இந்த அலுவலகத்தின் அடித்தளத்திலும் ஏதோ ஒரு கரட்டின் ஜல்லிதான் கிடக்கிறது. குவாரியை மூடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு எழுந்து போக முடியாது. உடைப்பவரும் லாரி ஓட்டுபவரும் லாரிக்கு பாடி கட்டுபவரும் இந்த மண்ணின் ஆட்கள். கோயில் கல்லில் லைக்கன் ஏறினால் விட்டுவைக்கவும் முடியாது. அது விடும் ஆக்சாலிக் அமிலம் எழுத்தையும் சிற்பத்தையும் அரிக்கும். நாமக்கல் குடைவரையில் அதியர் மரபின் குணசீலன் பேரைச் சொல்லும் 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டை லைக்கனுக்குத் தாரை வார்க்கச் சொல்ல மாட்டோம். அங்கே தொல்லியல் துறை பதமாகக் கழுவட்டும். ஆனால் கோயில் சுவரில் கழுவ வேண்டியது, பக்கத்துக் கரட்டில் காக்க வேண்டியது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கழுவ வேண்டும், பிரஷர் பம்ப் வைத்திருப்பவர் எல்லாம் கழுவக் கூடாது.

நாம் கேட்பது வானத்து நட்சத்திரம் இல்லை. குத்தகைக்குப் போகும் ஒவ்வொரு கரட்டிலும் வெடிக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பிந்திய மாதங்களில், லைக்கன் தெரிந்த ஒருவர் மேலே ஏறிப் பட்டியல் எடுக்க வேண்டும். கோடையில் போனால் பாதி கண்ணில் படாது. அந்தப் பட்டியல் மாவட்ட ஆய்வறிக்கையில் சேர வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் உடைபடாத கரடுகள் சிலவற்றை, அடிவாரத்திலிருந்து உச்சிவரை, கனிமப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். முழுக் கரடாக விட வேண்டும் என்பது முக்கியம். பாதியை உடைத்துப் பாதியை விட்டால் மிஞ்சியதைப் பொடி மூடிவிடும்.

ஆள் இல்லை என்று சொல்ல முடியாது. சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963இலிருந்து இருக்கிறது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் லைக்கன் படித்தவர்கள் கொல்லிமலை வரை வந்து போனவர்கள். திருச்செங்கோட்டிலிருந்து ராசிபுரம் வரை தடுக்கி விழுந்தால் ஒரு கல்லூரி. அவற்றில் தாவரவியலும் உயிர்த் தொழில்நுட்பமும் படிக்கும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இணையத்திலிருந்து வெட்டி ஒட்டும் நேரத்தில் ஆளுக்கொரு கரட்டைக் கொடுத்து ஒரு கைலென்ஸையும் கொடுத்தால், மூன்று வருடத்தில் இரண்டு மாவட்டத்துக்கும் கணக்கு வந்துவிடும். கைலென்ஸ் விலை நாலைந்து பரோட்டா செட்டுக்கு மேல் இருக்காது.

மற்ற இடங்களில் நடக்கிறது. உத்தராகண்டில் முன்சியாரியில் 2020இல் வனத்துறை லைக்கனுக்கென்றே பூங்கா திறந்தது. நம் மாநிலத்திலேயே மதுரை அரிட்டாபட்டியில் ஏழு குன்றும் அவற்றின் குளங்களும் சமணப் படுகையும் சேர்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகமான பரப்பை 2022 நவம்பரில் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டு வருடம் கழித்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் அங்கே வந்து நின்றபோது மக்கள் கையில் பிடித்துக்காட்ட அந்த அறிவிப்பு இருந்தது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வீதியில் இறங்கிய ஆயிரக்கணக்கானோரின் காலும் தொண்டையும் அதில் பெரிய பங்கு. கையில் ஒரு தாள் இருந்ததும் பங்குதான். சேலம், நாமக்கல் கரடுகளில் எந்த ஒன்றுக்கும் பிடித்துக்காட்ட அப்படி ஒரு தாள் வேண்டும்.

மாவட்ட ஆய்வறிக்கையின் வரைவை 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. மாவட்ட இணையதளத்தில், பொங்கல் வாழ்த்துக்கும் டெண்டர் அறிவிப்புக்கும் இடையில் எங்கோ ஒரு மூலையில் போடுவார்கள், ஆங்கிலத்தில் இருக்கும், நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். அந்த 21 நாளில் ஒருவரும் எதிர்க்கவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். அடுத்த வரைவு வரும்போது உங்கள் ஊர்க் கரட்டின் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விடியற்காலையில் ஒருமுறை மேலே ஏறிப் போய், பக்கத்தில் ஐந்து ரூபாய்க் காசை வைத்து, தெரிகிற நிறங்களை எல்லாம் போனில் படம் எடுத்து, மாவட்ட ஆட்சியருக்கும் கனிம வளத்துறைக்கும் ஒரு கேள்வியோடு அனுப்புங்கள்: இவை என்னென்ன என்று உங்கள் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?